புளியில் வெந்த கற்கள்

தங்கார் தீவில் மீன் தலையை எறிந்தவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால், அதற்கப்புறம் அவள் மக்காவுக்கே போய் வந்தாலும் அந்தப் பெயர் போகாது. யாந்தே தியாரேக்கு அந்தப் பெயர் பத்தொன்பது வயதில் வந்தது. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாமியார் கழுவி வைத்திருந்த கத்தாளை மீன் தலையை ஒரு பூனை கவ்விக்கொண்டு போய் வேலிக்குப் பின்னால் போட்டுவிட்டது. எறும்பு மொய்த்துக் கிடந்த தலையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். பார்த்தவள் பேசாமல் போயிருக்கலாம். சாயங்காலத் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, லாத்தீர் கட்டிக்கொண்டு வந்தவள் தலையைத் தூக்கி எறிகிறாளாம் என்று.

அங்கே தலை என்பது சும்மா இல்லை. உடம்பு லாரியில் ஏறித் தலைநகருக்குப் போகும், அங்கிருந்து விமானம் ஏறி எவன் தட்டுக்கோ போகும். ஊருக்கு மிஞ்சுவது தலை. பிள்ளை பெற்றவளுக்குத் தலை, புருஷனைக் கடலில் விட்டவளுக்குத் தலை, விருந்தாளி வந்தால் சோற்றுக் கிண்ணத்தில் அவன் பக்கமாகத் தலை. அதை எறிகிறவள் சோற்றை மிதிக்கிறவள். பூனையைப் பற்றி யாந்தே எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பூனை சாட்சி சொல்ல வரவில்லை.

அந்த வீம்பில்தான் அவள் படகுத்துறையில் தலை வெட்டும் வேலைக்குப் போனாள் என்று நினைக்கிறேன். லாரிக்காரர்களுக்குத் தலை வேண்டாம், வீண் எடை. அதனால் வெட்டுகிறவளுக்கே தலை சொந்தம், அவள் பார்த்து ஊருக்குப் பங்கிட வேண்டும். இருபத்தேழு வருஷம் யாந்தே வெட்டினாள், பங்கிட்டாள். எந்த வீட்டில் யார் வயிற்றுப் பிள்ளைக்காரி, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டு அடுப்பில் நேற்று புகை வரவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு தலை வீணானதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பங்கு குறைந்தது என்று முணுமுணுத்தவளை நடுத்துறையில் நிறுத்தி, அவள் பாட்டன் காலத்துக் கதை வரை எடுத்துவிடுவாள். ஊர் அவளுக்குப் பயந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யேரோ கானே வந்தது உப்பங்கழியில் சிவப்புக் கொடிகள் நட்ட மறு வருஷம். கொடி நட்டவர்கள் கருமணல் கம்பெனிக்காரர்கள். தீவுக்கு வடக்கே மணலைத் தோண்டி, கழி வழியாகக் கப்பலேற்ற ஒரு துறை கட்டப் போகிறார்களாம். அதற்குக் கழியை ஒன்பது மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, இரண்டு கரையிலும் அலையாத்திக் காட்டை வெட்ட வேண்டுமாம். கத்தாளைக் குஞ்சு பொரிப்பதும் வளர்வதும் அந்தக் கழியில்தான், பெரிதாகித்தான் கடலுக்குப் போகிறது, கழி போனால் கடலிலும் மீன் இருக்காது என்று லாத்தீரும் மற்ற தூண்டில்காரர்களும் துணை ஆட்சியரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆதாரம் இருக்கா?” என்றார். மூணு தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருப்பது ஆதாரமில்லை என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஆதாரம் தேடித்தான் யேரோ வந்தான். தலைநகர் ஆராய்ச்சி நிலையத்து ஆள், முப்பது வயது, ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. துறையில் இறங்கியதும் யாந்தே அவன் குடும்பப் பெயரைக் கேட்டாள். கானே என்றான். வடக்கத்திப் புலார்காரன். தீவுக்காரர்கள் செரேர் இனம், செரேருக்கும் புலாருக்கும் பரம்பரையாகக் கேலி முறை. ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம், சோற்றுமாடு என்று திட்டலாம், கோபித்துக்கொள்ள மட்டும் கூடாது.

“அட, நம்ம அடிமை!” என்று யாந்தே கத்தியைக் கீழே வைத்தாள். “இத்தனை வருஷமா எங்கடா ஓடிப் போயிருந்தே? எங்க மாட்டை யாரு மேய்க்கறது?”

“உங்க மாட்டையா? எங்ககிட்ட இருந்து திருடினீங்களே அந்த மாட்டையா? அதைத்தான்க்கா திருப்பி ஓட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

“ஒட்டின வயித்தைப் பாரு. மாட்டை ஓட்ட வந்தவனா, முழுங்க வந்தவனா?”

துறையே சிரித்தது. அரை மணி நேரத்தில் அவன் அவள் பக்கத்தில் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து, ஒரு கத்தாளைத் தலையைப் பிளந்து, மூளைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் கற்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் நகம் அளவு. யாந்தே அந்தக் கற்களை ஆயிரம் தடவை பல்லில் கடித்துத் துப்பியிருக்கிறாள்.

“இது மீனோட காதுக்கல்லுக்கா. வருஷம் ஒரு படலமா வளரும். எந்தத் தண்ணியில இருக்கோ அந்தத் தண்ணியில கலந்திருக்கறது இதுல துளித்துளியா ஏறும். பேரியம், ஸ்ட்ரான்சியம்னு பேரு, அதை விடு. உங்க கழியில கடலைவிட உப்பு ஜாஸ்தி. அந்த உப்புத் தண்ணியில பொறந்த மீன் கல்லுக்கு நடுவுல அந்த அடையாளம் இருக்கும். கடல்ல பொறந்ததுக்கு இருக்காது.”

“அப்ப மீனு தன் பொறந்த ஊரைத் தலையில தூக்கிட்டுத் திரியுதுங்கறே.”

“அதேதான். நீ கடல்ல புடிச்ச மீன் தலையில இருந்து கல்லு எடுத்துக் குடு. எத்தனை மீன் உங்க கழியில பொறந்ததுன்னு நான் சொல்றேன். அதைத் துணை ஆட்சியர் தட்ட முடியாது.”

விதிகளையும் சொன்னான். உலோகம் படக் கூடாது, அதற்கு ஒரு பிளாஸ்டிக் இடுக்கி. மருந்துத் தண்ணீரில் போடக் கூடாது. நன்றாகக் கழுவி, காயவைத்து, காகித உறையில் போட்டு, தேதி, பிடித்த இடம், மீனின் நீளம் எழுத வேண்டும். யாந்தே நாலாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்து பெரிது பெரிதாக இருந்தாலும் தப்பில்லாமல் எழுதுவாள். நிலையம் மாதச் சம்பளம் போட்டது. ஆனால் அவள் அதற்காகச் செய்யவில்லை. கழி யாருடையது என்று சொல்லப் போகிற சாட்சி தன் கையால் போகிறது என்பது அவளை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டது. துறையில் மற்றவர்களைப் பார்க்கும்போது மோவாயைக் கொஞ்சம் தூக்கியே பார்த்தாள்.

தொல்லை முதல் வாரத்திலேயே வந்தது. பச்சைத் தலையைப் பிளந்தால் தலை தலையாக இருப்பதில்லை. பானையில் போட்டதும் மூளை கரைந்து, கண் ஒரு பக்கம், தாடை ஒரு பக்கமாகக் கழன்றுவிடுகிறது. விதவை சிகாவுக்குப் போன தலை திரும்பி வந்தது, சிகாவும் கூடவே வந்தாள்.

“என்னடி இது? இது தலையா, லாரியில அடிபட்டதா? இதை எப்படி நான் புள்ளைங்க முன்னாடி வைக்கறது?”

“கல்லு எடுக்கணும் சிகா. கழிக்காக.”

“கல்லை எடு, யாரு வேணாம்னா? தலையைக் குடுத்துட்டு எடு.”

யாந்தே யோசித்தாள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அது நல்ல வழி, அதில்தான் வயிற்றெரிச்சல். இனிமேல் கல் எடுக்க வேண்டிய தலையெல்லாம் தன் வீட்டுப் பெரிய பானையில் முழுசாக வேகட்டும், வெந்த தலை வீடுகளுக்குப் போகட்டும், சாப்பிட்டு முடித்ததும் மண்டை ஓடு மட்டும் திரும்பி வரட்டும். எந்த மண்டை எந்த மீனுடையது என்று கலந்துவிடாமலிருக்க, வேகும் முன் ஒவ்வொரு தலையின் கண் ஓட்டையிலும் நூல் கோத்து முடிச்சுப் போட்டாள். வெள்ளை நூலில் ஒவ்வொரு முடிச்சும் ஒன்று, கறுப்பு நூலில் ஒவ்வொன்றும் பத்து. தக்காளி, புளிச்சக்கீரை, ஒரு பெரிய உருண்டை புளி, காய்ந்த சங்குச் சதை, மிளகாய் எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் வேகும். பானை, தீவில் எல்லாரிடமும் இருப்பதுதான். பழைய இஞ்சின் உதிரிகளை உருக்கி மணல் அச்சில் ஊற்றுகிற கனத்த அலுமினியப் பானை.

சாயங்காலம் மண்டைகள் வந்து சேரும். லேசாக அழுத்தினால் போதும், கல் தானாக வெளியே விழும். ரத்தமில்லை, தோலில்லை. அப்போதும் அவள் கையால் தொட மாட்டாள். உலோகம் படக் கூடாதே என்று பிளாஸ்டிக் இடுக்கியால்தான் எடுப்பாள். கொதிக்கிற அலுமினியத்தில் ஒரு மணி நேரம் கிடந்த கல்லை!

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை யேரோ வருவான். உறைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மத்த ஊர்க் கல்லெல்லாம் சளியும் சவ்வுமா வருதுக்கா, உன்னுது மட்டும் பால்பல்லு மாதிரி வருது. எப்படிக்கா?” என்பான்.

“கை அப்படி. புலார்காரிங்களுக்கு எங்க வரும்?”

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது சுலபம். மதியத் தொழுகை முடிந்ததும் கிண்ணம் வரும், சுற்றி உட்காருவார்கள், யாந்தே தலையை அவன் பக்கம் தள்ளுவாள். அவன் கன்னச் சதையை விரலால் நோண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்பான். ஒரு நாள் கண் ஓட்டையில் நூல் இருந்தது. தூக்கிப் பார்த்தான்.

“என்னக்கா இது, மீனுக்குத் தாயத்தா?”

“அது கணக்குடா. முப்பத்தி நாலு. தின்னுட்டு மண்டையைக் குடு, தூக்கிப் போட்டுடாதே.”

சிரித்துக்கொண்டே மண்டையைத் திருப்பிக் கொடுத்தான். முப்பத்தி நாலாம் எண் உறை அடுத்த நாள் அவன் பையிலேயே தலைநகருக்குப் போனது.

மூன்று வருஷத்தில் அறுநூற்று நாற்பது தலை. அந்த மூன்றாம் வருஷம் மார்ச் மாதம், துறைக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று பொதுக் கூட்டம் போட்டார்கள். கரையில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒலிபெருக்கி. தீவிலிருந்து ஒன்பது படகில் சனம் போனது. யாந்தே பெருநாளுக்குத் தைத்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். லாத்தீர் அவள் பக்கத்தில். அவன் பேச்சே இல்லாதவன். அன்றைக்கு மட்டும் படகிலிருந்து இறங்கும்போது, “நீ இல்லாட்டி இது இல்ல” என்றான். முப்பது வருஷத்தில் அவன் அவளைப் பாராட்டியது அதுதான்.

யேரோ எழுந்து படம் போட்டுக் காட்டினான். கடலில் பிடித்த பத்துக் கத்தாளையில் எட்டின் கல் நடுவே கழித் தண்ணீரின் அடையாளம் இருக்கிறது என்றான். பந்தல் ஆரவாரித்தது. துணை ஆட்சியர் தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தக் கால் மணி நேரம் கழி பிழைத்துக்கொண்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு கம்பெனியின் நிபுணர் எழுந்தார். நரைத்த மனிதர், தொழுகைக் காய்ப்பு நெற்றியில். வெள்ளைக்காரப் பேச்சு பேசவில்லை. ஊர்ப் பேச்சிலேயே நிதானமாகப் பேசினார். அவர் அறிக்கையை வரி விடாமல் படித்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தங்கார் கற்களின் மேல் படலத்தில் மட்டும், மற்ற ஊர்க் கற்களில் இல்லாத ஈயமும் அலுமினியமும் இருந்ததை யேரோவே ஒரு அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தான். அது எங்கிருந்து வந்தது என்று யேரோ யோசிக்கவில்லை. இவர் யோசித்திருந்தார்.

“யாந்தே தியாரே அம்மா யாருங்க?” என்றார்.

யாந்தே எழுந்தாள்.

“உக்காருங்கம்மா, உக்காருங்க. நிக்க வெச்சுப் பேசற வயசா உங்களுக்கு? மூணு வருஷம் தப்பில்லாம வேலை பாத்திருக்கீங்க. எங்க ஆளுங்ககூட இப்படி எழுதி வெக்க மாட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம். அறுநூத்தி நாப்பது தலை. கல்லு எடுக்கப் பொளந்த தலை எதுக்கும் ஆகாதுன்னு கேள்வி. அத்தனையும் கடல்லதான் எறிஞ்சீங்களா? இல்ல, ஆராய்ச்சின்னு வந்தா அப்படித்தான், தப்பு சொல்லல. பறவைங்களுக்கும் சோறு வேணும்ல.”

பந்தலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு யாந்தேயின் காதில் விழுந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்பது வயதில்லை, பத்தொன்பது. வேலிக்குப் பின்னால் எறும்பு மொய்த்த தலை, அதைச் சுற்றி நின்ற பெண்கள். தீவே உட்கார்ந்திருக்கிறது, ஒலிபெருக்கியில் ஒருவன் கேட்கிறான், தலையை எறிந்தாயா என்று. 

“எறிஞ்சேனா? நானா?” ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. “யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க? இந்தா உக்காந்திருக்கா சிகா, அவளைக் கேளுங்க. அவ புள்ளைங்களைக் கேளுங்க. ஒரு தலை, ஒரு தாடை வீணாப் போனதில்ல. அத்தனையும் என் பானையில வெந்துச்சு! புளி போட்டு, கீரை போட்டு, ஒரு மணி நேரம் நல்லா வேக வெச்சு, ஊரே தின்னுச்சு. தின்னு முடிச்ச மண்டையில இருந்துதான் கல்லு எடுத்தேன். அறுநூத்தி நாப்பதும்!”

சனம் கை தட்டியது. சிகா எழுந்து நின்று தட்டினாள். யாந்தே மூச்சு வாங்க, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நிபுணர் தலை வணங்கினார். “அல்லா உங்க கைக்குப் பரக்கத் குடுக்கட்டும்மா” என்றார். பிறகு துணை ஆட்சியர் பக்கம் திரும்பினார். குரல் மாறவில்லை. “ஐயா, பேரியத்தை இம்மியளவில் அளக்கற ஆராய்ச்சி இது. அந்தக் கல்லை, கண்ட இஞ்சின் உதிரியையும் உருக்கி ஊத்தின பானையில, புளிக்கரைசல்ல ஒரு மணி நேரம் வேக வெச்சிருக்காங்க. அதுல கழியோட அடையாளம் இருக்கா, பானையோட அடையாளம் இருக்கா? நான் எதுவும் சொல்லல. நீங்களே சொல்லுங்க.”

கைதட்டல் ஒரு ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. யாந்தேக்குப் புரிய மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. லாத்தீரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

துணை ஆட்சியர் யேரோவைக் கேட்டார். “தம்பி, இது உங்களுக்குத் தெரியுமா?”

யேரோ எழுந்தான். அவன் மேலதிகாரி இரண்டாம் வரிசையில் இருந்தார். யேரோ யாந்தேயைப் பார்க்கவில்லை, தன் காகிதங்களைப் பார்த்தான்.

“இல்லைங்கய்யா. இப்படி நடந்தது எங்க கவனத்துக்கு வரல. வேலைக்கு வெச்ச ஆளுங்க விதிமுறையை மீறியிருக்காங்க.”

“டேய்!” என்றாள் யாந்தே. “டேய் யேரோ! கன்னச் சதையை நோண்டி நோண்டித் தின்னது யாருடா? என் வீட்டுல, என் கிண்ணத்துல, மூணு வருஷமாத் தின்னியேடா! நூலைத் தூக்கிப் பாத்துக் கேட்டியே, தாயத்தான்னு!”

பந்தலில் தலைகள் அவன் பக்கம் திரும்பின. பிறகு யாரோ ஒரு கிழவர், “புலார்காரன் திங்காம விடுவானா?” என்றார். அவ்வளவுதான், வெடித்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள், தீவுக்காரர்கள் சிரித்தார்கள், துணை ஆட்சியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செரேர்க்காரி புலார்காரனைச் சோற்றுமாடு என்று திட்டாவிட்டால்தான் ஆச்சரியம். எழுத்தர் பேனாவை மூடி வைத்தான், கேலியை யார் குறிப்பில் ஏற்றுவார்கள்? யேரோவும் சிரித்தான். தப்பித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. யாந்தே அதைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

கற்கள் தள்ளுபடி. அனுமதி ஏப்ரலில் வந்தது. தோண்டும் கப்பல் அதே வருஷம் நவம்பரில் கழிக்குள் நுழைந்தது.

ஊர் அவளை அடிக்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் அவளும் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். தலை எறியாதவள் என்று மட்டும் கூப்பிடத் தொடங்கினார்கள். “தலை எறியாதவ வர்றா, வழி விடு.” கை தட்டிய சிகாதான் அதை முதலில் சொன்னவள். கிணற்றடியில் ஒரு நாள் யாந்தே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“முழுசாக் குடுன்னு கேட்டது நீ. நெனப்பிருக்கா?”

“கேட்டேன். தலையைக் கேட்டேன். உன் வாயைத் தெறக்கச் சொன்னேனா? ஆமா எறிஞ்சேன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும் உனக்கு? கழி இருந்திருக்கும்.”

யாந்தே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். என்ன குறைந்திருக்கும் என்று அவள் பிறகு வெகுநாள் யோசித்தாள். ஒன்றும் குறைந்திருக்காது. அதுதான் அவளைத் தின்றது.

அலையாத்தி போனது. கழித் தண்ணீர் டீ நிறத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. முதல் வருஷம் கத்தாளை குறைந்தது, இரண்டாம் வருஷம் தூண்டிலில் வந்தவை கைவிரலில் எண்ணும்படி வந்தன. இளவட்டங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வடக்கே மௌரித்தானியாவுக்குப் போனார்கள். வயது போனவர்களுக்கு எங்கே போவது? லாத்தீர் கருமணல் துறை வாசலில் காவல்காரனாகச் சேர்ந்தான். காக்கிச் சட்டை, விசில். தான் தூண்டில் போட்ட தண்ணீரில் யாரும் தூண்டில் போடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. தலை வெட்டும் பலகை யாந்தே வீட்டில் சுவரோரம் நின்றது, வெட்டுவதற்கு எதுவும் வரவில்லை.

கூட்டம் நடந்து இரண்டரை வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், யேரோ படகிலிருந்து இறங்கினான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. வாசலில் நின்று, “என்னக்கா, உன் மாட்டைத் திருட வந்திருக்கேன், கட்டிப் போட்டிருக்கியா?” என்றான்.

யாந்தே பாயைக் காட்டினாள். உட்கார்ந்தான். உறையிலிருந்து அச்சடித்த காகிதங்களை எடுத்தான்.

“பாருக்கா. வெளிநாட்டுப் பத்திரிகையில வந்திருக்கு. நாம ஜெயிச்சுட்டோம்.”

“என்ன ஜெயிச்சோம்?”

“அன்னிக்கு அந்தாள் சொன்னது பொய்க்கா. ஒரு மீனுக்கு ரெண்டு கல்லு இல்ல? நான் போய் அம்பது தலை வாங்கினேன். எடது கல்லைப் பச்சையா எடுத்தேன். வலது கல்லோட தலையை உன்னை மாதிரியே புளி போட்டு, அலுமினியப் பானையில வேக வெச்சேன். ரெண்டையும் அறுத்து அளந்தேன். பானையோட ஈயம் எல்லாம் மேல் படலத்தோட நின்னுடுச்சு. நடுவுல ஒண்ணுமே ஆகல, அப்படியே இருக்கு. உன் கல்லு எல்லாம் செல்லும். அறுநூத்தி நாப்பதுல ஐநூத்திப் பதினொண்ணு கழியில பொறந்தது. இப்ப யாரும் மறுக்க முடியாது.” கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். “இதோ, உன் பேரு. நன்றின்னு போட்டிருக்கேன். முழுப் பேரும்.”

யாந்தே குனிந்து பார்த்தாள். நாலாம் வகுப்புப் படிப்பு அவள் பெயரைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருந்தது.

“இதை எப்ப வேக வெச்சே?”

“என்னக்கா?”

“தலையை. அம்பது தலைன்னியே, அது எப்ப?”

“கூட்டம் முடிஞ்ச உடனே. மனசு கேக்கலக்கா எனக்கு. உன் முகமே முன்னாடி நின்னுச்சு.”

“நடுவுல ஒண்ணும் ஆகலன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

யேரோ காகிதங்களைத் திரும்ப அடுக்கினான். “ஜூன்ல.”

யாந்தே விரல் விட்டு எண்ணினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஐந்து விரலும் மடங்கியது. மடங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

“கப்பல் வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே.”

“அச்சுல வராம வெளியில சொல்லக் கூடாதுக்கா. அது முறை. மேலதிகாரி கண்டிப்பாச் சொல்லிட்டார். ஏற்கெனவே ஒரு தரம் மூக்கு உடைஞ்சிருக்கு, மறுபடி அவசரப்பட்டா நிலையத்தை மூடிடுவாங்கன்னு. சரிபாக்கறவங்களுக்கு அனுப்பி, அவங்க கேள்வி கேட்டு, பதில் எழுதி, இத்தனை நாள் ஆயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?”

அவள் அவனைத் திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருப்பான். அடிமை, திருடன், சோற்றுமாடு, ஏதாவது ஒன்று. அதுதான் அவர்களுக்குள் முறை, திட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். உள்ளேயிருந்து மருமகள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். சோறும், பெட்டியில் வரும் உறைமீனும். லாத்தீர் காக்கிச் சட்டையோடு சாப்பாட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். யேரோ சிரிக்கப் பார்த்தான்.

“என்னக்கா, அடிமைக்குச் சோறு இல்லையா?”

“உங்களுக்கு நேரமாயிடும்” என்றாள் யாந்தே. “ரெண்டு மணிக்குப் படகு. அதை விட்டா நாளைக்குத்தான். நீங்க கிளம்புங்க ஐயா.”

அந்தத் தீவில் சாப்பாட்டு வேளையில் வாசலுக்கு வந்த நாய் பிடிக்கிறவனைக்கூட ‘வா, சாப்பிடு’ என்று சொல்லாமல் விட்டதில்லை. யேரோ எழுந்தான். காகிதங்களைப் பாயிலேயே வைத்துவிட்டுப் போனான். போகும்போது திரும்பிப் பார்த்தானா என்று யாந்தே கவனிக்கவில்லை.

லாத்தீர் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு மென்றான். பிறகு காகிதத்தின் பக்கம் மோவாயால் காட்டினான்.

“என்னவாம்?”

“நீங்கெல்லாம் துணை ஆட்சியர்கிட்டப் போய்ச் சொன்னதுதான்” என்றாள் யாந்தே. “அதை அச்சடிச்சிருக்காங்க.”